டிரான்ஸ்போர்ட் மேப்: ஒரு டொமைனுக்கு மட்டும் தனி வழி

மெயில் சர்வர் பார்த்துக்கிறவங்களுக்கு இந்த வேலை எப்பவாவது ஒரு நாள் வந்தே தீரும். மத்த மெயில் எல்லாம் வழக்கம்போல போகட்டும், இந்த ஒரு டொமைனுக்குப் போறது மட்டும் நான் சொல்ற மெஷின் வழியா போகணும். கஸ்டமர் கம்பெனி ஒன்னு விபிஎன் (ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ஒரு தனிப் பாதை) போட்டுக் கொடுத்துட்டு எங்களுக்கு வர்ற டிராயிங் எல்லாம் இது வழியாத்தான் வரணும்னு சொல்லுவாங்க, இல்லன்னா ஆபீஸ்ல பாதி பேரோட மெயில்பாக்ஸ் கிளவுடுக்குப் போயிருக்கும் மீதி பேர் பழைய சர்வர்லயே இருப்பாங்க, இல்லன்னா ஏதோ ஒரு பெரிய மெயில் சேவை நம்ம ஐபியை பிளாக் பண்ணியிருக்கும். செய்யவேண்டியது பார்த்தா ஒரே ஒரு வரிதான். ஆனா அந்த வரியை எழுதுன நிமிஷத்துல இருந்து, அந்த டொமைன் விஷயத்துல டிஎன்எஸ் (டொமைன் பேருக்கு எந்த சர்வர், எந்த ஐபின்னு சொல்ற இன்டர்நெட் டைரக்டரி) பார்த்துக்கிட்டு இருந்த வேலையை நாம ஏத்துக்கிட்டோம்னு அர்த்தம். இதைப் பல பேர் யோசிக்கிறதே இல்ல, அதான் விரிவா எழுதலாம்னு உட்கார்ந்தேன். நான் தினமும் புழங்குறது போஸ்ட்ஃபிக்ஸ்ங்கிற மெயில் சர்வர் சாஃப்ட்வேர், அதனால அதை வச்சே சொல்றேன், அதே மாதிரி இன்னொன்னான எக்ஸிம் பத்தி நடுநடுவுல வரும்.

சாதாரணமா என்ன நடக்குதுன்னா, நம்ம சர்வர் அட்ரஸ்ல அட் குறிக்கு அப்புறம் இருக்குற டொமைனை எடுத்து, அதோட எம்எக்ஸ் ரெக்கார்டு (அந்த டொமைனுக்கு மெயில் வாங்குற சர்வர் எதுன்னு சொல்ற பதிவு) என்னன்னு டிஎன்எஸ்ல கேக்கும். ரெண்டு மூணு சர்வர் பேர் வரும், ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர் இருக்கும், சின்ன நம்பர் இருக்குறதை முதல்ல தட்டிப் பார்க்கும், அது படுத்திருந்தா அடுத்தது. எம்எக்ஸே இல்லன்னா அந்த டொமைனோட ஐபி அட்ரஸுக்கே நேரா போகும். 1986ல ஆர்எஃப்சி 974 (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிகளை எழுதி வைக்கிற ஆவணம்) வந்தப்போ இருந்து அடிப்படை இதுதான், இப்ப இருக்குற 5321லயும் இதேதான். இதுல ஒரு பெரிய வசதி என்னன்னா, எதிர்ல இருக்குறவங்க சர்வரை மாத்தினாலும், கம்பெனியை மாத்தினாலும், ஒன்னு செத்து இன்னொன்னு எழுந்தாலும் நமக்கு யாரும் ஃபோன் பண்ணி சொல்லத் தேவையில்ல, அவங்க டிஎன்எஸ்ல மாத்துவாங்க, நம்ம சர்வர் தானா தெரிஞ்சுக்கும். கையால வழி எழுதுறோம்னா இதைத்தான் நிறுத்துறோம்.

சரி, வேலைக்கு வருவோம். போஸ்ட்ஃபிக்ஸ்ல இதுக்குப் பேரு டிரான்ஸ்போர்ட் மேப். மெயின்.சிஎஃப் ஃபைல்ல ஒரு வரி:

டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/எட்சி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்

அந்த டிரான்ஸ்போர்ட் ஃபைலுக்குள்ள ஒரு வரி:

எக்ஸாம்பிள்.காம்     எஸ்எம்டிபி:[10.8.0.5]:25

(ஃபைல்ல இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும், இங்க படிக்கிறதுக்காக இப்படி போட்டிருக்கேன். எஸ்எம்டிபிங்கிறது சர்வருக்கு சர்வர் மெயில் அனுப்புற முறை, 10.8.0.5 அந்த மெஷினோட ஐபி, 25 போர்ட் நம்பர்.) அப்புறம் போஸ்ட்மேப் கமாண்டை அந்த ஃபைல் மேல ஓட்டணும். அப்பதான் பக்கத்துல டாட் டிபின்னு ஒரு ஃபைல் உருவாகும், போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கிறது அதைத்தான், நாம எடிட் பண்ற டெக்ஸ்ட் ஃபைலை இல்ல. ஃபைலை எடிட் பண்ணிட்டு போஸ்ட்மேப் ஓட்டாம விட்டுட்டு ஏன் மாறலன்னு முழிக்கிறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். ஹேஷ் டைப்பா இருந்தா போஸ்ட்மேப் ஓட்டினாலே போதும், சர்வீஸை ரீலோட் பண்ண வேண்டாம், டேபிள் மாறினது அதுக்கே தெரிஞ்சுடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் டேபிள்னா போஸ்ட்மேப் தேவையில்ல, ஆனா ரீலோட் பண்ணணும். புது லினக்ஸ் டிஸ்ட்ரோ சிலதுல, ஹேஷ் டைப்புக்கு ஆதாரமான பெர்க்லி டிபியை எடுத்துட்டாங்க, அங்க ஹேஷ்னு போட்டா வேலைக்கு ஆகாது, எல்எம்டிபின்னு போடணும். உங்க மெஷின்ல எதெல்லாம் இருக்குன்னு போஸ்ட்கான்ஃப் மைனஸ் எம் அடிச்சா லிஸ்ட் வந்துடும்.

இப்ப அந்த ஸ்கொயர் பிராக்கெட். அது அழகுக்குப் போட்டது இல்ல. பிராக்கெட் இருந்தா எம்எக்ஸ் பார்க்காதே, நான் சொன்ன மெஷினுக்கே நேரா போன்னு அர்த்தம். பிராக்கெட் இல்லாம ஒரு பேரை எழுதினா அதையும் ஒரு டொமைனா நினைச்சு அதுக்கு எம்எக்ஸ் இருக்கான்னு முதல்ல தேடும். இதுல என்ன ஆகும்னா, நீங்க எழுதின மெஷின் பேருக்கு இன்னைக்கு எம்எக்ஸ் இருக்காது, அதனால ஐபிக்கே போயிடும், எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும். ஒரு வருஷம் கழிச்சு எதிர்ல யாரோ ஒரு அட்மின் அந்தப் பேருக்கு ஒரு எம்எக்ஸ் போடுவார், அன்னைக்கு நம்ம மெயில் எல்லாம் வேற எங்கேயோ போய் நிக்கும், நம்ம பக்கம் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதனால பேரோ ஐபியோ, குறிப்பிட்ட ஒரு மெஷினைச் சொல்றீங்கன்னா பிராக்கெட் போட்டே பழகுங்க.

வேற சர்வர் பார்க்கிறவங்களுக்கு இங்க ஒரு எச்சரிக்கை. எக்ஸிம்ல இதே வேலைக்கு மேனுவல்ரூட்னு ஒரு ரவுட்டர் (எக்ஸிம்ல மெயிலுக்கு வழி முடிவு பண்ற பகுதி) இருக்கு, அதுல பழக்கம் அப்படியே தலைகீழ். நீங்க ஒரு பேர் எழுதினா அது எம்எக்ஸ் பார்க்காது, நேரா ஐபிதான். எம்எக்ஸ் பார்க்கணும்னா பேருக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டு எம்எக்ஸ்னு எழுதணும். க்யூமெயில்ல எஸ்எம்டிபிரூட்ஸ்னு ஒரு ஃபைல், அதுவும் எம்எக்ஸ் பார்க்காது. சென்ட்மெயில்ல மெயிலர்டேபிள், அங்க போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரியே பிராக்கெட். ஒன்னுல பழகின கையோட இன்னொன்னுல எழுதும்போது ஒரு தடவை மேனுவலைப் பார்த்துக்கிறது நல்லது. எக்ஸிம்ல இன்னொன்னு, ரவுட்டர்கள் எழுதியிருக்குற வரிசைப்படிதான் ஓடும், அதனால மேனுவல்ரூட் பிளாக் டிஎன்எஸ்லுக்கப் (வழக்கம்போல எம்எக்ஸ் பார்த்து அனுப்புறது) பிளாக்குக்கு மேல இருக்கணும். கீழ எழுதினா அது வரைக்கும் மெயில் வரவே வராது, எர்ரரும் வராது.

ஐபி போடறதா பேர் போடறதா? விபிஎன்ல ரெண்டு பக்கமும் நிலையான ஐபின்னா ஐபி போடலாம். மத்தபடி பேரே போடுங்க, பிராக்கெட்டுக்குள்ள இருந்தாலும் பேரோட ஐபி மாறினா தானா புதுசுக்குப் போயிடும், டிஎன்எஸ் கொடுக்குற வசதியில பாதியாவது மிஞ்சும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.5 (2020ல வந்தது) அல்லது அதுக்கு மேலன்னா ஒரே வரியில கமா போட்டு ரெண்டு மெஷின் எழுதலாம், முதல்ல இருக்குறது கிடைக்கலன்னா அடுத்ததுக்குப் போகும். இது ரொம்ப நல்ல விஷயம், ஏன்னா எம்எக்ஸ்ல இருந்த ரெண்டாவது சர்வரை நாம கைவிட்டுட்டோம் இல்லையா, அதுக்கு இது ஈடு.

அடுத்து, ரிலேவுக்கு (நம்ம மெயிலை வாங்கி முன்னாடி அனுப்பி வைக்கிற இடைச் சர்வர்) யூசர்நேம் பாஸ்வேர்டு தேவைப்படுற இடம். போர்ட் 587ல ஒரு பெய்டு ரிலே வழியா ஒரு டொமைனை அனுப்புறீங்கன்னு வைங்க. டிரான்ஸ்போர்ட் ஃபைல்ல பிராக்கெட், பேரு, கோலன், 587னு எழுதியிருப்பீங்க. பாஸ்வேர்டு ஃபைல்லயும் இடது பக்கம் எழுத்துக்கு எழுத்து அதேதான் இருக்கணும், பிராக்கெட்டோட, போர்ட்டோட. ஒரு பக்கம் பிராக்கெட் இருந்து இன்னொரு பக்கம் இல்லன்னா ரெண்டும் வேற வேற சாவி, பாஸ்வேர்டு கிடைக்காது, போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் பத்தி ஒன்னும் சொல்லாம லாகின் பண்ணாமலே அனுப்பப் பார்க்கும், எதிர் சர்வர் 530னோ 554னோ சொல்லித் திருப்பிடும். பாஸ்வேர்டு தப்புன்னு நினைச்சு அதை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்போம், பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கும். டிஎல்எஸ் (கனெக்ஷனை என்க்ரிப்ட் பண்ற முறை) பாலிசி டேபிளுக்கும் இதே கதைதான், அங்கயும் தேடுறது நீங்க டிரான்ஸ்போர்ட்ல எழுதின அந்த அடுத்த இடத்தோட பேரை வச்சுத்தான், மெயில் போற டொமைனை வச்சு இல்ல. கஸ்டமர் டொமைன் பேரைப் போட்டு என்க்ரிப்ட் கட்டாயம்னு எழுதி வச்சிருப்பாங்க, டிரான்ஸ்போர்ட்ல வழி மாத்தினதும் அந்தக் கட்டாயம் காத்துல போயிடும், மெயில் மட்டும் ஜம்முனு போய்க்கிட்டு இருக்கும். போர்ட் 465 மட்டும்தான் கொடுப்பேன்னு சொல்ற ரிலேன்னா டிரான்ஸ்போர்ட் வரி மட்டும் போதாது, அங்க முதல் பைட்ல இருந்தே டிஎல்எஸ், அதனால மாஸ்டர்.சிஎஃப்ல எஸ்எம்டிபி சர்வீஸை ஒரு காப்பி எடுத்து வேற பேர் வச்சு அதுக்கு மட்டும் ராப்பர்மோட் ஆன் பண்ணணும்.

சப்டொமைன் விஷயம் சுருக்கமா: எக்ஸாம்பிள்.காம் னு எழுதினா அது அந்த டொமைனுக்கு மட்டும்தான். அதுக்குக் கீழ இருக்குற எல்லாத்துக்கும் வேணும்னா முன்னாடி ஒரு புள்ளி வச்சு இன்னொரு வரி எழுதணும். நட்சத்திரக் குறி போட்டா எல்லா டொமைனும், எல்லாம்னா நிஜமாவே எல்லாம், நம்ம சர்வர்லயே இறங்கவேண்டிய லோக்கல் மெயில் உட்பட. க்ரான் (சர்வர்ல நேரம் வச்சு வேலை ஓட்டுற புரோகிராம்) அனுப்புற மெயில் எல்லாம் வெளிய கிளம்பிப் போகும். எல்லாத்தையும் ஒரே ரிலே வழியா அனுப்புறதுதான் உங்க நோக்கம்னா ரிலேஹோஸ்ட்னு தனி செட்டிங் இருக்கு, அதைப் போட்டுட்டு விதிவிலக்குகளை மட்டும் டிரான்ஸ்போர்ட்ல வைங்க. ரெண்டும் இருந்தா டிரான்ஸ்போர்ட் சொல்றதுதான் செல்லும்.

இன்னொரு குழப்பம், வழி காட்டுறதும் அனுமதி கொடுக்கிறதும் ஒன்னுன்னு நினைக்கிறது. வெளியில இருந்து வர்ற மெயிலை உள்ள இருக்குற சர்வருக்குத் தள்ளிவிடுற கேட்வேயா நம்ம மெஷின் இருந்தா டிரான்ஸ்போர்ட் வரி மட்டும் எழுதினா பத்தாது, ரிலே டொமைன்ஸ்லயும் அந்த டொமைன் இருக்கணும், இல்லன்னா ரிலே ஆக்சஸ் டினைட்னு வாசல்லயே திருப்பிடும். அதே மாதிரி ரிலே டொமைன்ஸ்ல போட்டுட்டு டிரான்ஸ்போர்ட் எழுதலன்னா அது எம்எக்ஸ் பார்க்கும், எம்எக்ஸ்ல இருக்குறது நாமேதான், அப்ப லாக்ல லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்னு வரும். இந்த மாதிரி உள்ள வர்ற வழிக்கு எஸ்எம்டிபின்னு எழுதுறதை விட ரிலேன்னு எழுதுறது உத்தமம், மாஸ்டர்.சிஎஃப்ல அப்படி ஒரு சர்வீஸ் ஏற்கனவே இருக்கு, வெளிய போற மெயில் கூட்டமா க்யூல நிக்கும்போது உள்ள வர்றது அதுங்களோட போட்டி போட வேண்டியிருக்காது. உள்ள யார் யாருக்கு மெயில்பாக்ஸ் இருக்குன்னு ஒரு லிஸ்டையும் கேட்வேக்குக் கொடுத்துடுங்க. அது இல்லன்னா இல்லாத அட்ரஸுக்கெல்லாம் வர்ற ஸ்பாமை வாங்கி வச்சுக்கிட்டு, அப்புறமா யாருன்னே தெரியாத ஆளுக்கு பவுன்ஸ் (மெயில் போய்ச் சேரலன்னு திரும்பி வர்ற மெயில்) அனுப்பிக்கிட்டு இருக்கும், அதுலயே ஐபி பேர் கெட்டுடும்.

அடுத்து, ஒரே டொமைன் ரெண்டு இடத்துல இருக்குற கதை. நான் பார்த்துக்கிற ஒரு தயாரிப்பு கம்பெனில மேனேஜ்மென்ட் ஆட்கள் மட்டும் கிளவுடுக்குப் போனாங்க, ஷாப் ஃப்ளோர், ஸ்டோர்ஸ், கேட் எல்லாம் ஆபீஸ் சர்வர்லயே, காரணம் லைசென்ஸ் செலவுதான், ஆளுக்கு மாசாமாசம் கட்டணும் இல்லையா. எம்எக்ஸ் ஆபீஸ் சர்வரைத்தான் காட்டுது. போஸ்ட்ஃபிக்ஸ்ல டிரான்ஸ்போர்ட் டேபிள்ல டொமைன் மட்டும் இல்ல, முழு அட்ரஸையும் எழுதலாம், முழு அட்ரஸைத்தான் முதல்ல தேடும், அது இல்லன்னாதான் டொமைன். அதனால கிளவுடுக்குப் போன ஒவ்வொருத்தர் அட்ரஸுக்கும் ஒரு வரி, வலது பக்கம் கிளவுடோட சர்வர். அழகா வேலை செய்யும். ஆனா சுத்தி மூணு விஷயம் கவனிக்கணும். அந்த அட்ரஸ்கள் ஆபீஸ் சர்வரோட மெயில்பாக்ஸ் லிஸ்ட்லயும் இருக்கணும், இங்க பெட்டி இல்லன்னாலும் பேர் இருக்கணும், லிஸ்ட்ல இல்லாத பேருன்னா யூசர் அன்நோன்னு முதல்லயே தள்ளிடும், டிரான்ஸ்போர்ட் வரைக்கும் போகவே போகாது. ரெண்டாவது, வெளிய ஒருத்தர் அனுப்பின மெயிலை நாம கிளவுடுக்குத் தள்ளும்போது, கிளவுட் பார்வையில அது நம்ம ஐபில இருந்து வருது, அனுப்பினவர் டொமைனோட எஸ்பிஎஃப்ல (அந்த டொமைன் பேர்ல எந்த ஐபி எல்லாம் மெயில் அனுப்பலாம்னு சொல்ற லிஸ்ட்) நம்ம ஐபி இருக்காது, ஸ்பாம்ல போய் விழும். அதுக்கு கிளவுட் பக்கம் நம்ம ஐபியை இன்பவுண்ட் கேட்வேன்னு சொல்லி வைக்கணும், பெரிய சேவைகள் எல்லாத்துலயும் இந்த செட்டிங் ஏதோ ஒரு பேர்ல இருக்கு.

மூணாவதுதான் பெருசு. கிளவுட்ல இருக்குறவர் ஸ்டோர்ஸுக்கு மெயில் போட்டா, கிளவுட் அந்த டொமைன் முழுக்க என்னுதுன்னு நினைச்சுக்கிட்டு அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லும். அதுக்காக அங்க, தெரியாத அட்ரஸ் எல்லாத்தையும் ஆபீஸ் சர்வருக்குத் தள்ளுன்னு செட் பண்ணுவோம். இந்தப் பக்கமும் யாரோ ஒருத்தர் சுலபமா இருக்கட்டும்னு, இங்க இல்லாதது எல்லாம் கிளவுடுக்குன்னு டொமைனுக்கே ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சுது. ஸ்பெல்லிங் தப்பா அடிச்ச ஒரு அட்ரஸ் போதும், அது அங்கயும் இங்கயும் பந்தாடும், ஒவ்வொரு தடவையும் ஹெடர்ல ரிசீவ்டு வரி கூடிக்கிட்டே போகும், போஸ்ட்ஃபிக்ஸ் 50 தாண்டினதும் டூ மெனி ஹாப்ஸ்னு நிறுத்தும். அந்தக் கம்பெனில இது ஏற்கனவே நடந்துக்கிட்டு இருந்தது, "சார், மெயில் அனுப்பினா அரை மணி கழிச்சு இவ்ளோ நீளமா ஏதோ திரும்பி வருது"ன்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. அந்த பவுன்ஸைத் திறந்து பார்த்தா ரெண்டே ரெண்டு சர்வர் பேர் மாத்தி மாத்தி, ஏணிப்படி மாதிரி கீழ வரைக்கும். தீர்வு ஒன்னுதான், ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் முழு லிஸ்டை வச்சுக்கிட்டு, இல்லாத அட்ரஸை இல்லன்னு தைரியமா சொல்லணும். நாங்க ஆபீஸ் சர்வரை அப்படி ஆக்கினோம். டொமைன் வரியை எடுத்துட்டு ஆள் ஆளா எழுதினோம், புது ஆள் சேரும்போது ஹெச்ஆர் கொடுக்கிற ஷீட்ல இருந்து ஸ்கிரிப்ட் ரெண்டு ஃபைலையும் சேர்த்தே எழுதிடும்.

அடுத்து ஐபி பிளாக். சின்னதா ஒரு விபிஎஸ் (வாடகை வர்ச்சுவல் சர்வர்) எடுத்து மெயில் சர்வர் போடுறவங்களுக்கு இது தெரிஞ்ச வலி. நம்ம ஐபி சுத்தமாத்தான் இருக்கும், ஆனா பக்கத்து ஐபில யாரோ ஸ்பாம் அனுப்பினதுக்காக அந்த ரேஞ்சையே ஒரு பெரிய மெயில் சேவை பிளாக் பண்ணி வச்சிருக்கும், 550ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பும். பிளாக்கை எடுக்கச் சொல்லி ஃபாரம் நிரப்பி காத்துக்கிட்டு இருக்கலாம், நிரப்பவும் வேணும், ஆனா அதுவரைக்கும் இன்வாய்ஸ் போய்ச் சேரணுமே. அதனால அந்த சேவையோட டொமைன்களுக்கு மட்டும் பெய்டு ரிலே வழியா போற மாதிரி டிரான்ஸ்போர்ட்ல எழுதுவோம். இலவச மெயில் டொமைன்கள் நாலஞ்சு இருக்கும், அதுக்கு எழுதுறது சுலபம். கஷ்டம் எங்கன்னா, ஊர்ல பாதி கம்பெனியோட சொந்த டொமைனும் அதே சேவைலதான் இருக்கும், டொமைன் பேரைப் பார்த்தா தெரியாது, எம்எக்ஸைப் பார்த்தாதான் தெரியும். டிரான்ஸ்போர்ட் மேப் எம்எக்ஸைப் பார்த்து முடிவெடுக்காது.

இதுக்கு ஒரு வழி இருக்கு, பலருக்குத் தெரியாதுங்கிறதால சொல்றேன். எஸ்எம்டிபிடி (போஸ்ட்ஃபிக்ஸ்ல எஸ்எம்டிபி வழியா மெயில் வாங்குற பகுதி) ரெஸ்ட்ரிக்ஷன்ல செக்_ரெசிபியன்ட்_எம்எக்ஸ்_ஆக்சஸ்னு ஒன்னு இருக்கு. அதோட டேபிள்ல இடது பக்கம் அந்த சேவையோட எம்எக்ஸ் பேர்களுக்குப் பொதுவா இருக்குற கடைசிப் பகுதி, வலது பக்கம் ஃபில்டர்னு எழுதி நம்ம ரிலே. யாருக்குப் போற மெயிலா இருந்தாலும் அவங்க எம்எக்ஸ் அந்த சேவையைக் காட்டினா மெயில் ரிலேவுக்குப் போயிடும், டொமைன் லிஸ்ட் பராமரிக்கவே வேண்டாம். ஆனா ரெண்டு குறை இருக்கு. ஒரே மெயில்ல பத்து பேர் இருந்து அதுல ஒருத்தர் மட்டும் அந்த சேவைல இருந்தாலும் பத்து பேருக்கும் போறது ரிலே வழியாத்தான், ஃபில்டர் மெயில் முழுக்கவே பொருந்தும், டிரான்ஸ்போர்ட்டையும் மீறிடும். அதனால விபிஎன் வழியாத்தான் போகணும்னு நீங்க வாக்கு கொடுத்த கஸ்டமரும் அந்த பத்து பேர்ல இருந்தா அவங்க மெயிலும் வெளி ரிலே வழியா போயிடும். அப்படி ஒரு கட்டாய டொமைன் உங்ககிட்ட இருந்தா இந்த முறையைத் தொடவே தொடாதீங்க, கையால லிஸ்ட் எழுதுறதே மேல். இன்னொன்னு, இது எஸ்எம்டிபி வழியா உள்ள வர்ற மெயிலுக்கு மட்டும்தான், சர்வர்லயே சென்ட்மெயில் கமாண்ட்ல கிளம்புற மெயிலுக்கு வேலை செய்யாது.

ரிலே வழியா போனாலும் டிகேஐஎம் கையெழுத்தை (மெயில் நம்ம டொமைனோடதுதான், நடுவுல மாறலன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து) நம்ம சர்வர்லயே போட்டுடுங்க. ரிலே மெயில் உள்ளடக்கத்தைத் தொடாத வரைக்கும் அந்தக் கையெழுத்து செல்லும், அதை வச்சே டிமார்க் (எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஃப்ரம் அட்ரஸோட டொமைனுக்குப் பொருந்துதான்னு பார்க்கிற சோதனை) பாஸ் ஆயிடும். எஸ்பிஎஃப்ல ரிலேவோட இன்க்ளூடையும் (அவங்க ஐபிகளைச் சேர்க்கிற பகுதி) சேர்த்துக்கோங்க. 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயில் கிட்ட அனுப்புறவங்கன்னா எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணும் இருந்தே ஆகணும், கம்மியா அனுப்புறவங்களுக்கும் முதல் ரெண்டுல ஒன்னாவது வேணும்.

ஷேர்டு ஹோஸ்டிங்ல சிபேனல் (ஹோஸ்டிங்கை பிரவுசர்லயே நிர்வகிக்கிற பேனல்) வச்சிருக்குறவங்க ஒரு நிமிஷம். உங்க மெயிலை கிளவுடுக்கு மாத்திட்டீங்க, எம்எக்ஸும் மாத்தியாச்சு, வெளிய இருந்து எல்லா மெயிலும் சரியா வருது, ஆனா உங்க வெப்சைட் கான்டாக்ட் ஃபாரம்ல இருந்து மட்டும் ஒன்னும் வரல. காரணம், வெப்சைட் இருக்குற சர்வர்ல ஓடுற எக்ஸிம் இன்னமும் அந்த டொமைன் இங்கேயேதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, எம்எக்ஸைக் கேக்காமலே பழைய லோக்கல் பெட்டில போட்டுக்கிட்டு இருக்கு. சிபேனல்ல ஈமெயில் ரவுட்டிங்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்னு மாத்தினா தீர்ந்துது, பின்னாடி அது செய்றது டொமைனை லோக்கல்டொமைன்ஸ் ஃபைல்ல இருந்து ரிமோட்டொமைன்ஸ் ஃபைலுக்கு மாத்துறதுதான். மாத்தினதும் அந்தப் பழைய பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்க, மாசக்கணக்கா கஸ்டமர் என்கொயரி எல்லாம் அங்க கிடக்கும், ஒவ்வொன்னும் பதில் வரும்னு நினைச்சு ஒருத்தர் அனுப்பினது.

டெஸ்ட் பண்ணாம எதையும் விடாதீங்க. போஸ்ட்மேப் மைனஸ் க்யூ போட்டு டொமைன் பேரும் டேபிள் பேரும் கொடுத்தா அந்த டொமைனுக்கு டேபிள்ல என்ன இருக்குன்னு அப்படியே சொல்லும். அதுக்கு அடுத்து சென்ட்மெயில் மைனஸ் பிவி போட்டு ஒரு அட்ரஸ் கொடுத்தா, மெயில் அனுப்பாமலே அந்த சர்வர் வரைக்கும் போய் விசாரிச்சுட்டு உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் மெயில் அனுப்பும். எக்ஸிம்னா மைனஸ் பிடி. கடைசியா லாக்ல ரிலேன்னு இருக்குற இடத்தைப் பாருங்க:

ரிலே=10.8.0.5[10.8.0.5]:25, டிலே=0.8, ஸ்டேட்டஸ்=சென்ட்

ஸ்டேட்டஸ் சென்ட்னு இருந்தா மட்டும் போதாது, ரிலேக்கு நேரா இருக்குறது நீங்க நினைச்ச மெஷின்தானான்னு பார்க்கணும். க்யூல ஏற்கனவே மாட்டிக்கிட்டு இருக்குற மெயிலுக்கு என்ன ஆகும்னு கேப்பாங்க. ஒன்னும் பண்ண வேண்டாம், ஒவ்வொரு தடவை மறுபடி முயற்சி பண்ணும்போதும் வழியைப் புதுசா கேட்டுத்தான் போகும். அவசரம்னா போஸ்ட்க்யூ மைனஸ் எஃப் அடிங்க, அவ்வளவுதான்.

ஒரே நேரத்துல நிறைய அனுப்பினா கோவிச்சுக்கிற சர்வர்களுக்கும் டிரான்ஸ்போர்ட் மேப் உதவும். மாஸ்டர்.சிஎஃப்ல எஸ்எம்டிபியைக் காப்பி எடுத்து ஸ்லோன்னு பேர் வச்சு, மெயின்.சிஎஃப்ல ஸ்லோவுக்கு மட்டும் ஒரே சமயத்துல ரெண்டு கனெக்ஷன்தான்னு சொல்லிட்டு, அந்த டொமைன் வரியில எஸ்எம்டிபிக்குப் பதிலா ஸ்லோன்னு எழுதினா போதும், சர்வர் பேர்கூட எழுத வேண்டாம், எம்எக்ஸ் வழக்கம்போல பார்த்துக்கும். டிஎன்எஸ்ஸை மீறாம செய்யக்கூடிய ஒரே கை வேலை இதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். மத்தபடி டீஃபால்ட்டா ஒரு இடத்துக்கு 20 கனெக்ஷன் வரைக்கும் போகும். பல டொமைனை ஒரே ரிலேவுக்கு அனுப்பினா அந்த 20ஐ எல்லாமா சேர்ந்துதான் பங்கு போட்டுக்கும், ஏன்னா போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கு வைக்கிறது அடுத்த இடத்தை வச்சு.

இப்ப பராமரிப்பு. டிரான்ஸ்போர்ட் ஃபைலைத் திறந்தா ஒவ்வொரு வரிக்கும் மேல ஏன், யார் கேட்டது, எந்த தேதி, எப்ப எடுக்கலாம்னு கமென்ட் இருக்கணும். மேலன்னா மேலதான், வரிக்குப் பின்னாடி ஹேஷ் குறி போட்டு எழுதக்கூடாது, போஸ்ட்ஃபிக்ஸ் டேபிள்ல வரி ஆரம்பத்துல இருந்தா மட்டும்தான் அது கமென்ட், கடைசில எழுதினா அதையும் சர்வர் பேரோட சேர்த்துப் படிச்சுடும். நான் பொறுப்பு எடுத்துக்கிட்ட ஒரு சர்வர்ல கமென்ட் ஒன்னுமே இல்லாம பழைய வரிகள் கிடந்தது. அதுல ஒரு கம்பெனி எப்பவோ வேற சேவைக்கு மாறிப் போயிருந்தது, ஆனா அவங்க பழைய சர்வரை யாரும் ஆஃப் பண்ணல. அதனால நம்ம பக்கம் இருந்து போற மெயிலை எல்லாம் அது சந்தோஷமா வாங்கி வச்சுக்கிட்டு இருந்தது, ஸ்டேட்டஸ் சென்ட், பவுன்ஸ் கிடையாது, க்யூ காலி. எதிர்ல படிக்கத்தான் ஆள் இல்ல. செத்துப்போன சர்வரா இருந்திருந்தா அஞ்சு நாள் க்யூல நின்னுட்டு பவுன்ஸ் ஆகி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், உயிரோட இருந்ததுதான் பிரச்சனை.

அதுக்கு அப்புறம் எல்லா சர்வர்லயும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு வச்சிருக்கேன். டிரான்ஸ்போர்ட் ஃபைல்ல இருக்குற ஒவ்வொரு டொமைனுக்கும் டிக் கமாண்ட்ல எம்எக்ஸ் கேட்டு, பேர் வரிசைல அடுக்கி, ஒரு ஃபைல்ல வச்சுக்கும். மறுநாள் மறுபடி கேட்டு டிஃப் பார்க்கும். வித்தியாசம் இருந்தா டொமைன் பேர், பழைய எம்எக்ஸ், புது எம்எக்ஸ், நாம எழுதி வச்சிருக்குற வழி நாலையும் சேர்த்து அனுப்பும். அடுக்கி வைக்கிறது முக்கியம், டிஎன்எஸ் பதில் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு வரிசைல வரும், அடுக்கலன்னா தினமும் பொய் அலாரம்தான். டிஎன்எஸ் பதிலே வரலன்னா அதை மாற்றம்னு எடுத்துக்காம அன்னைக்கு விட்டுடணும். அலாரத்தை மெயில்ல அனுப்பாதீங்க, டெலிகிராம் பாட் வழியா அனுப்புங்க, மெயில் வழியே கெட்டுப் போயிருந்தா அந்த மெயிலும் அங்கேயேதான் நிக்கும். அலாரம் வந்ததும் நான் வரியை உடனே எடுக்கிறதில்ல, எதிர்ல இருக்குற ஐடி ஆளுக்கு ஃபோன் போட்டு "எம்எக்ஸ் மாத்தியிருக்கீங்களே, அந்த விபிஎன் வழி இன்னும் வேணுமா"ன்னு கேட்டுக்கிட்டு, வேண்டாம்னா வரியை எடுத்துட்டு போஸ்ட்மேப் ஓட்டி, மைனஸ் க்யூ போட்டு பதில் காலியா வருதான்னு பார்த்துட்டு விட்டுடுவேன்.